எழுந்தார், எழுவார்கள்

அன்புள்ள இவளே,

உன் அக்கா வீட்டில் தூக்கம் வருகிறதா? எனக்கு இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. உயிர்த்தெழுதல் பற்றி யூத வேதமும் கிறிஸ்தவ வேதமும் சொல்வதை ஒப்பிடும் புத்தகத்துக்குப் புரூஃப் பார்க்கிறேன். அதில்தான் மானம் போயிற்று.

யூதப் பத்தியில் 'எழுவார்கள்' என்றிருந்தது. அதோடு ஒத்துப்போகட்டும் என்று கிறிஸ்தவப் பத்தியின் 'எழுந்தார்' என்பதை 'எழுவார்' ஆக்கிவிட்டேன். நூலாசிரியர் ஃபோனில் சிரித்தார்.

"ஐயா, மண்ணுல கிடக்கிறவங்க கடைசியில எழுவாங்கன்னு யூதர்கள் காத்திருக்காங்க. ஒருத்தர் ஏற்கெனவே எழுந்துட்டார், அதனால மத்தவங்களும் எழுவாங்கன்னு கிறிஸ்தவங்க நம்புறாங்க. நீங்க காலத்தை மாத்தி மதத்தையே மாத்திட்டீங்களே."

கல்லறையிலிருந்து திரும்பிய அன்று நீயும் காலத்தைத்தான் திருத்தினாய். "பையன் நல்லா வரைவான்னு சொல்லாதீங்க. வரைஞ்சான்னு சொல்லுங்க." எனக்கு அந்த இறந்தகாலம் இன்னும் வாயில் வரவில்லை.

பிழையைச் சரிசெய்து அனுப்பிவிட்டேன். இறந்தவர்களை இரண்டு பத்தியுமே 'தூங்குகிறவர்கள்' என்கின்றன. அந்தச் சொல்லில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

அவன் அறைக் கதவை இன்றும் சத்தம் வராமல்தான் சாத்தினேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்