கொண்டல் யானையின் இருமலும் வாயில்களில் கட்டிய வெள்ளைத் துணிகளும்

ஆறு வற்றாதிருக்க! ஆநிரை பெருகுக! மாறுபுனல் நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும், பகைவர் முன் தளராத பெருமகனார் இளங்கதிர் வேந்தர் எல்லைப் பாசறையில் நலமே வீற்றிருக்க. தாங்கள் திரும்பும்வரை வெண்குன்றத் தலைநகரைக் காக்கும் பொறுப்பும் தங்கள் முத்திரையும் பெற்ற அமைச்சன் கூத்தன் மருதன் அடிவணங்கி எழுதும் ஓலை.

பெருமானே, மகிழ்ச்சியில் என் எழுத்தாணி ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க. தங்கள் பட்டத்து யானை கொண்டல் பிழைத்துக்கொண்டது! இன்று காலை கரும்புக் கட்டு முழுவதையும் தின்று, போதாதென்று அரண்மனை வைத்தியரின் தலைப்பாகையையும் பறித்து வாயில் போட்டுக்கொண்டது.

கொண்டல் இருமி இளைத்தபோது, பாகன் பொறையன் தீனியில் குறை வைத்தான் என்று சிலர் முறையிட்டனர். அவனைச் சிறையிலிடவும், வரும் பௌர்ணமிக்குள் யானை தேறாவிடில் நாடு கடத்தவும், கண்ணேறு கழியக் கொட்டிலில் இருவேளையும் சாம்பிராணியும் வேப்பிலையும் புகைக்கவும் தாங்கள் ஆணையிட்டீர்கள். அவ்வாறே புகைத்தோம். இருமல் கூடியது. கண்ணேறு கடுமையானது போலும் என்று புகையையும் கூட்டினோம்!

அப்போதுதான் மாட்டு வைத்தியச்சி நல்லெழினி அவைக்கு வந்தார். மேற்கு வாயிலருகே போருக்கு வேல் வடிக்கும் உலைகள் மூண்ட நாள்முதல் அப்பக்கத்து எருதுகளும் நாய்களும் இருமுகின்றன என்றும், நகரின் காற்றைச் சோதிக்க வேண்டும் என்றும் விண்ணப்பித்தார். அவர் சொற்படி நான்கு வாயில்களிலும் கொட்டில்களிலும் ஈர வெள்ளைத் துணிகளைக் காலையில் கட்டி மாலையில் அவிழ்த்தோம். கிழக்கு வாயில் துணி வெளுப்பு மாறவில்லை. அங்கே ஒரு கன்றும் இருமவில்லை. மேற்கு வாயில் துணி கரியாயிருந்தது. அதனினும் கறுத்த துணி எது தெரியுமா, வேந்தே? கொண்டலின் கொட்டிலில் தொங்கியது! மேற்கு மதிலை ஒட்டிய அக்கொட்டிலில் உலைப்புகை வெளியிலிருந்து நுழைய, உள்ளே நாங்களும் புகைத்திருக்கிறோம்.

அரச ஆணையை நிறுத்துவதா என்று அவையோர் தடுத்தனர். எனக்கும் அச்சம்தான், ஆயினும் அவ்வுயிர் மூச்சுக்குத் திணறியதைக் காணப் பொறுக்கவில்லை. தங்கள் முத்திரையாலேயே தங்கள் ஆணையை நிறுத்தி, யானையைக் கிழக்குத் தோப்புக்கு மாற்றினேன். உலைகளை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோகவும், வாயில்தோறும் துணி கட்டிக் கறுப்பையும் கால்நடைகளின் நலத்தையும் நாள்தோறும் அவையில் அறிவிக்கவும் கட்டளையிட்டேன்.

ஒன்றில் மட்டும் தோற்றேன். சிறைக்கதவை நானே திறந்தும் பொறையன் வெளிவரவில்லை. கொண்டல் தின்றதா என்று கேட்டு அழுதான். பின், குற்றவாளி என்று சொன்ன வேந்தரே குற்றமற்றவன் என்று சொன்னாலன்றிக் கொண்டலின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று உள்ளேயே அமர்ந்துவிட்டான்.

ஆணை மீறியதற்கு என்னைத் தண்டிக்கத் திருவுளமானால் தண்டிக்கலாம். அதற்கான ஓலை இரண்டாவதாக வரட்டும், முதல் ஓலை அவனுக்கு எழுதுங்கள். இவ்வோலைக்குத் தங்கள் முத்திரையையே இட்டு, அம்முதல் ஓலை கைக்கு வராமல் பாசறையை விட்டு நகரலாகாது என்று தூதனுக்கு ஆணையும் இட்டிருக்கிறேன்.