டாக்டர் சாமியின் மகள்

மேமலைத் தோட்டம், கொஸ்லந்த
04.11.2022

அன்புத் தங்கச்சி விஜயலெட்சுமிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே இஸ்ரேலில், ஹைஃபாவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். போனில் பேசினால் நீ வேலை செய்யும் வீட்டம்மா பக்கத்தில் இருப்பார் என்பதால் எழுதுகிறேன்.

போன செவ்வாய் எல்ல டவுன் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நேராக நம் டாக்டர் சாமி கோயிலுக்குப் போய், சமாதியைப் படமெடுத்து, அதன் மேல் ஆறு கூழாங்கல்லை வைத்தார். போகும்போது, "நிமலன் நீங்களா?" என்று என் கையைப் பிடித்தார். மறுநாளே என் மகள் மேனுஷாவுக்குக் காய்ச்சல். பூசாரி மாரிசாமி, "இது செய்வினைதான், கல்ல எடுத்து ஓடையில போடு" என்றார். போட்டுவிட்டேன். சேவலும் அறுத்தாயிற்று. பிள்ளைக்கு இப்போது பரவாயில்லை.

என் பெயரை அவருக்குச் சொன்னது யார்? நீதான் என்றால், எதற்காகச் சொன்னாய் என்று ஒளிக்காமல் எழுது.

உன் அண்ணன்
நிமலன்

ஹைஃபா
27.11.2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேனுஷாவுக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. நான்தான் சொன்னேன். வந்தவர் நான் பார்த்துக்கொள்ளும் ரூத் அம்மாவின் பேரன். நம் டாக்டர் சாமி, ரூத் அம்மாவின் அப்பா.

அவர்கள் யூதர்கள். ஜெர்மனியில் யூதர்களை வேட்டையாடிய காலத்தில் டாக்டர் முதலில் தனியாக இலங்கைக்கு வந்தார். ஜெர்மன்காரர் என்று தியத்தலாவ முகாமில் அடைத்து வைத்து, பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். ஜெர்மனியில் விட்டுவந்த மூன்று வயது மகளை ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வேறு பெயரில் ஒளித்து வளர்த்தது. மகள் செத்துவிட்டாள் என்று அவரும், அப்பா கைவிட்டுவிட்டார் என்று ரூத் அம்மாவும் நினைத்திருந்தார்கள். போன வருடம் இறந்த உறவுக்காரர் ஒருவரின் பெட்டியில் டாக்டர் எழுதிய பழைய கடிதத்தின் உறை கிடைத்தது. அதில் நம் தோட்டத்துப் பெயர். அதை என்னிடம் காட்டியபோதுதான் அவர் நம் டாக்டர் சாமி என்று எனக்குத் தெரிந்தது.

சமாதியில் கல் வைப்பது அவர்கள் மரியாதை, நாம் பூ வைக்கிற மாதிரி. அதைப் போய் ஓடையில் போட்டீர்களே. சேவல், சாராயப் படையல் பற்றியெல்லாம் ரூத் அம்மாவிடம் நான் வாயே திறக்கவில்லை. ரூத் அம்மா கேட்பது ஒன்றுதான்: அப்பாவின் பெயரை அவர்கள் எழுத்தில் கல்லில் வெட்ட வேண்டும். எண்பத்தாறு வயது. சம்மதம் என்று எழுதுங்கள், அண்ணா.

உங்கள் தங்கச்சி
விஜயா

மேமலைத் தோட்டம்
18.12.2022

அன்புத் தங்கச்சிக்கு,

படித்தேன். பாவம்தான். ஆனால் நீ அவர்கள் சோறு சாப்பிடுகிறாய், அவர்களுக்காகத்தான் பேசுவாய். இன்றைக்குப் பெயர் வெட்டுவார்கள், நாளைக்கு எலும்பைக் கேட்பார்கள்.

அந்த டாக்டர் நம் ஜனங்களைக் காப்பாற்றினவர், அதனால்தான் சாமியாக வைத்தோம். கோயில் இருப்பதால்தான் தோட்டக் கம்பெனி அந்த மேட்டில் ஹோட்டல் கட்ட முடியாமல் நிற்கிறது. அதை ஒட்டி நாம் குடியிருக்கும் பத்து லயக் காம்பராவும் அதனால்தான் தப்பியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர் கல்லறை என்று எழுத்தில் வந்துவிட்டால், இது கோயிலே இல்லை என்று தோட்டத்துத் துரை பெயர்த்து எடுத்துவிடுவார். பிள்ளைகளோடு நாங்கள் எங்கே போவது?

இங்கே மழை விடவில்லை. பேரன் போன பிறகு மண் சரிந்து சமாதி மூடிவிட்டது என்று சொல்லிவிடு. மீரியபெத்த மண்சரிவில் மண்ணுக்குள் போன நம் அம்மாவைக் கடைசிவரை எடுக்க முடியவில்லையே, அதையும் சேர்த்துச் சொல். நம்புவார்கள்.

நிமலன்

ஹைஃபா
11.01.2023

அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியபடியே, அம்மாவையும் சேர்த்து.

ரூத் அம்மா ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். சிறுவயதில் பொய்ப் பெயரில் பிழைத்தவர். நம்பினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "ஒன் அண்ணன் வீடு பத்திரமா இருக்குதானே?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "நல்லது" என்றார். பிறகு நம் அம்மாவின் பெயரைக் கேட்டார். கருப்பம்மா என்றேன். வாயில் வரும்வரை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார்.

இறந்தவர்களுக்காக ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுவது இவர்கள் வழக்கம். நேற்று அவருடைய அப்பாவுக்கு ஒன்று, நம் அம்மாவுக்கு ஒன்று ஏற்றி, இரண்டு பெயரையும் சொல்லிப் பிரார்த்தித்தார். நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். வெட்கமாக இருந்தது.

இனிப் போக வேண்டாம் என்று பேரனிடம் அவரே சொல்லிவிட்டார். உங்கள் காம்பராவுக்கு ஆபத்தில்லை. பொய்யைக் கேட்டது நீங்கள், சொன்னது நான், உங்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். ஆனால் அவர் அம்மா பெயரைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் கையெழுத்துத்தான் என் கண்ணில் நிற்கிறது.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

விஜயலெட்சுமி