கதவில் ஒரு கண்

லேக் மார்க்கெட், கல்கத்தா
4-1-1979

என் வீட்டு ராஜாவுக்கு நீலா எழுதுவது.

நான் சௌக்கியம். பாரதீப் துறைமுகத்துக் காற்று உங்கள் தொப்பையைக் கொஞ்சமாவது கரைத்ததா? திருட்டுப் பயம் என்று, வெளியே நிற்பவரை உள்ளிருந்தே பார்க்க நீங்கள் வாங்கிக் கொடுத்த லென்ஸை எதிர்வீட்டு குருமூர்த்தி அண்ணா வாசல் கதவில் மாட்டிவிட்டார். பால்காரன் வாசலில் நின்று "பௌதி!" என்று அவன் பாஷையில் அண்ணியைக் கூப்பிட்டுக் கத்தியதும் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு வெளிச்சப் பொட்டுதான் தெரிந்தது. பால்காரன் அவ்வளவு அழகா, கண் கூசுகிறதா என்று தெரியவில்லை!

உங்கள்
நீலாவதி

பாரதீப்
15-1-1979

நீலாவுக்கு,

லென்ஸ் பழகப் பழகச் சரியாகிவிடும். அது போகட்டும். மத்தியானத்தில் கூடத்து ஈசிசேரில் உட்காருகிறவர் யார்? மூன்று நாளாக வருகிறாராம். எதிரே நின்று நீ சிரித்துச் சிரித்துப் பேசுகிறாயாம். ஒளிக்காமல் எழுது.

பத்மநாபன்

கல்கத்தா
22-1-1979

என் துப்பறியும் சிங்கத்துக்கு,

உட்காருகிறவர் உங்கள் கோடு போட்ட சட்டை. அதற்குள்ளே தலையணை, உச்சியில் குரங்குக் குல்லா. ஜன்னலில் எட்டிப் பார்க்கிற திருடன் ஆம்பளை இருக்கிறான் என்று ஓடட்டுமே! நான்தான் எதிரே நின்று, "என்னங்க, வாயைத் திறங்க" என்று வம்பிழுப்பேன். நீங்கள் இருந்தாலும் அவ்வளவுதான் பேசுவீர்கள்.

ஆனால் ஒன்று. நான் சிரித்தது, அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாதென்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய பிறகு. பார்த்தது யார்?

இன்றைக்கு வெளியே நின்று லென்ஸில் கண் வைத்தேன். கூடம் தெரிகிறது. நான் புடவை மாற்றுகிற மூலை தெரிகிறது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டியிருக்கிறது. அண்ணா தெரியாமல் செய்துவிட்டார் என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிவிடுகிறேன்.

நீலா

பாரதீப்
30-1-1979

அன்புள்ள நீலாவுக்கு,

சட்டை என்று படித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. குருமூர்த்தியிடம் சண்டைக்குப் போகாதே. திருப்பி மாட்டச் சொன்னது நான். பெண் தனியாக இருக்கிற வீடு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான். நான் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

பத்மநாபன்

கல்கத்தா
6-2-1979

பத்மநாபன் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி லென்ஸைத் தொடவில்லை. நான் காரக்பூரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அழைத்துப்போக வர வேண்டாம்.

வீட்டுச் சாவியைக் குருமூர்த்தியிடம் கொடுத்துவிட்டேன். பாவம், எத்தனை நாள் குனிந்து பார்ப்பார்? இனிமேல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்ப் பார்த்து, யாரும் இல்லை என்று உங்களுக்கு எழுதட்டும்.

நீலாவதி