நவமியன்று நான் சொன்ன விரதம்

இன்று காலை வாழைக்காய் நறுக்க உட்கார்ந்தபோது கையில் எண்ணெய் தடவிக்கொள்ள மறந்துவிட்டேன். பாதிக் காய் சீவியதும் விரலெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நீ எங்கள் மாடி ரூமுக்குக் குடிவந்த முதல் வாரம், அடுக்களை வாசலில் நின்று நான் எண்ணெய் தடவுவதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று கையாலேயே ஜாடை காட்டிச் சிரித்தாய். அப்போது உனக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. பேப்பர் படித்து நானாகக் கற்றுக்கொண்ட அரைகுறை இங்கிலீஷ்தான் நம் இருவருக்கும் நடுவில் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை உன் சிநேகிதன் வந்து சொன்னான், நீ இல்லை என்று. உகாண்டாவில் உன் சொந்த ஊரில், காய்ச்சலில், ஒரே வாரத்தில். பிள்ளைகள் இரண்டும் உன் தங்கையிடம் இருக்கிறார்களாம். அவன் சொன்ன மற்றதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ ஊருக்குத் திரும்பிப் போய் உயிரோடு இருந்த நான்கு வருடமும் எழுதாமல் தள்ளிப்போட்டது. உன் விலாசம் என்னிடம் இருந்தது. தபாலாபீஸ் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

உன்னைக் குடிவைத்தது என் வீட்டுக்காரர். மைசூருக்கு மேல்படிப்புக்கு வந்த பெண், ஊரில் இரண்டு சின்னப் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். சரஸ்வதிபுரத்தில் அதற்கு முன் நான்கு வீட்டில் உன்னைப் பார்த்ததும் ரூம் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நான் அனுப்பவில்லை. அதையே எனக்கு ஒரு பெருமையாக வைத்துக்கொண்டேன்.

நிபந்தனை மட்டும் போட்டேன். கறி மீன் கூடாது. என் விரத நாட்களில் வெங்காயம் பூண்டு வாசனைகூடக் கீழே வரக் கூடாது. கொள்ளேகால் கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டர் ஒன்று மிச்சம் இருந்தது. அதில் ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு உன் கையில் கொடுத்தேன். நீ முகம் சுளிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மண்டி போட்டு வணங்கினாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் பக்கத்தில் பெண்கள் பெரியவர்களுக்கு எதையும் மண்டியிட்டுத்தான் கொடுப்பார்கள், வாங்குவார்கள் என்று அப்புறம் விளக்கினாய்.

அதற்கப்புறம் தினம் காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாய்.

"இன்னிக்கு என்ன நாள்க்கா?"

துவாதசி என்பேன், கிருத்திகை என்பேன். நீயும் ஒப்பித்துப் பார்ப்பாய். ஒரு வருடத்தில் என்னையே மிஞ்சிவிட்டாய். ஒரு தடவை நான் மறந்துபோய்க் காலை டிபனுக்கு உட்கார்ந்தபோது மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னிக்குச் சஷ்டி, தோசை பேடா" என்று தமிழும் கன்னடமுமாகத் தடுத்தாய். வீட்டுக்காரர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான். ஆனாலும் உன் ரூமுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினால் தனிக் கிண்ணத்தில்தான் கொடுத்தேன். கிண்ணம் திரும்பி வந்ததும் அடுக்களைக்குள் எடுத்துப் போகாமல் கொல்லையில் கவிழ்த்து வைத்தேன். நீ அதைப் பார்த்திருப்பாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உன் கடைசி வருடத்தில்தான் அந்தச் சாயங்காலம். லட்சுமிபுரத்தில் யோகா கற்றுக்கொள்ள வந்திருந்த வெள்ளைக்காரர்கள் சிலரோடு உனக்குப் பழக்கமாகியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவார்கள், என்ன ஆட்டம் ஆடுவார்கள் என்று உன்னைத் துளைத்தார்களாம். அவர்களை அழைத்து, உன் ஊர்ச் சாப்பாடு போட்டு, முரசடித்து ஆடிக் காட்ட வேண்டும், அதற்கு எங்கள் மொட்டைமாடி வேண்டும் என்று கேட்டாய்.

நான் யோசித்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "மூணு வருசமா எனக்கு மட்டும் ஆக்கித் திங்கறேன்க்கா. நாலு பேருக்கு ஆக்கிப் போடணும்."

ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் கேட்பது எனக்குப் புரிந்தது. சரி என்றேன். நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் பார்த்துவிட்டு, நவமியாச்சே, எதையும் நவமியில் தொடங்க மாட்டோமே, வேறு நாள் பாரேன் என்றேன். "எனக்கு அதுதான் நல்ல நாள்க்கா" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்தே மாடியில் புகை. நீ தலைக்குக் குளித்து, துணியால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தாய். தேவராஜா மார்க்கெட்டிலிருந்து புத்தம்புது அலுமினியக் குண்டான் வாங்கி வந்திருந்தாய். பழைய பாத்திரம் என்றால் அக்கா யோசிப்பாங்க என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாயாம். வாழைக்காயைத் தோல் சீவி, வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி, அந்தக் குண்டானில் ஆவி கட்டி வேகவைத்தாய். வெந்ததை இலையோடு கையால் அமுக்கி மசித்தாய். நிலக்கடலையை வறுத்து இடித்துக் குழம்பு. பரங்கிக்காய், அவரை, கீரை. கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, எனக்காகப் பூண்டுகூட இல்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கொள்ளேகாலிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், பேச்சுக்கு அஞ்சாதவர். மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்தார். ஜமக்காளத்தில் சம்மணம் போட்டிருந்த இருபது வெள்ளைக்காரர்கள், ஓரத்தில் மூன்று முரசு, இடுப்பில் ஸ்வெட்டரை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்ற, உன்னைப்போலவே இங்கே படிக்க வந்த உன் ஊர்ப் பையன்கள். ஸ்வெட்டரை உடுத்தத் தெரியாமல் இடுப்பில் கட்டியிருக்கிறார்களா என்று என் காதில் கேட்டார். ஆட்டத்தில் இடுப்பு அசைவது எடுப்பாகத் தெரியத்தான் அப்படி என்று நீ முந்தின நாள் சொல்லியிருந்ததை நான் அவரிடம் சொன்னேன். "அது வேறயா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு நீ எழுந்து நின்று இங்கிலீஷில் பேசினாய். எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினாய். உன் அம்மா வீட்டில் விருந்து என்றால், அந்த வீட்டு மூத்த பெண்மணி முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் முரசில் கை வைப்பார்களாம். இந்த வீட்டுக்குப் பெரியவர் என் அக்கா என்றாய். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நீ தட்டில் சின்ன இலை போட்டு, மசித்த வாழைக்காயை வைத்து, அதன்மேல் கடலைக் குழம்பை ஊற்றி, எடுத்துக்கொண்டு வந்தாய். என் முன்னால் மண்டியிட்டுத் தட்டை நீட்டினாய்.

"ஒரு வாய்க்கா."

நாத்தனார் குனிந்து என் காதோடு சொன்னார்: "ஏம்புள்ள, அவ கையில வாங்கிக் கை நனைக்கப் போறயா? சாமிக்கு வெளக்கேத்தற கையி அது."

இத்தனை வருடமும் அவர் மேல் பழியைப் போட்டுத்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அது நிஜமில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே என் கை முந்தானைக்குள் போய்விட்டது. உன் விரல்கள் அந்த வாழைக்காயை மசித்ததை நான் பார்த்திருந்தேன். அந்தக் கறுத்த விரல்களைத்தான் நினைத்தேன். வேறு ஒன்றையும் நினைக்கவில்லை. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

"எனக்கு இன்னிக்கு விரதம்" என்றேன்.

நீ எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாய்: "இன்னிக்கு நவமிதானேக்கா? ஏகாதசி செவ்வாய்க்கிழமை. பாத்துத்தானே இந்த நாள வெச்சேன்."

அப்போதுதான் புரிந்தது உன் நல்ல நாள் எது என்று. என் விரதம் எதுவும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையை, நான் கொடுத்த சிவப்பு வட்டங்களுக்கு நடுவில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். அந்த இடத்திலாவது நான் கையை நீட்டியிருக்கலாம். ஒரு வாய், ஒரு விரல்நுனி போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா, மறந்திருக்க மாட்டாய். "இது வேற விரதம். முருகனுக்கு வேண்டிக்கிட்டது" என்றேன். முருகனையும் பொய்க்குத் துணைக்கு இழுத்தேன்.

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாய். பிறகு எழுந்து, அவர்களைப் பார்த்து, எங்கள் வீட்டு அம்மா இன்றைக்குக் கடவுளுக்காக உபவாசம் இருக்கிறார், அவருடைய ஆசீர்வாதத்தோடு ஆரம்பிக்கிறோம் என்றாய். குரல் கொஞ்சமும் மாறவில்லை. அந்த இருபது பேரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். வெள்ளைச் சடை போட்ட ஒரு வயதான அம்மாள் எழுந்து வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் தெரிந்துவிடுமே என்று பயந்து, அவர் தலையில் கையும் வைத்தேன்.

எனக்கென்று கொண்டுவந்த தட்டிலிருந்து நீயே எடுத்து முதல் வாய் சாப்பிட்டாய். முரசு தொடங்கியது. மூன்று முரசும் ஒன்றோடொன்று வாக்குவாதம் செய்வதுபோல் இருந்தது. பையன்கள் ஆடினார்கள், அப்புறம் நீ ஆடினாய். தோள் அசையாமல், தலை அசையாமல், இடுப்பு மட்டும் தனி உயிர்போல் அதிர்ந்தது. வெள்ளைக்காரர்களும் எழுந்து தத்தக்காபித்தக்கா என்று ஆடினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கடலைக் குழம்பின் வாசனையில் என் வயிறு சத்தமே போட்டது. படி இறங்கும்போது நாத்தனார் சொன்னார்: "வாசம் என்னமோ நம்மூட்டுக் கடலைச் சட்னியாட்டந்தான் இருக்குது."

அன்று நான் சாப்பிடவில்லை. சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று ஒரு கணக்கு. எனக்கு விரத நோட்டு ஒன்று உண்டு, தெரியுமே. வீட்டுச் செலவு நோட்டைப் போலவே அதையும் ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள் நான். அதில் அந்தத் தேதிக்கு நேராக ‘உபவாசம்’ என்று எழுதினேன். வருடக் கடைசியில் எத்தனை விரதம் என்று கூட்டிச் சாமியிடம் ஒப்படைக்கும்போது அதையும் சேர்த்தே கூட்டினேன். அடித்துவிடத் தோன்றவில்லை.

மறுநாள் நீ வழக்கம்போல் குழாயடிக்கு வந்தாய். "ஊட்ட ஆய்த்தாக்கா?" என்று, சாப்பாடு ஆச்சா என்பதைக் கன்னடத்தில் விசாரித்தாய். கோபமில்லை, முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் இன்று என்ன நாள் என்று கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. நீ கிளம்பிப் போகும்வரை இருந்த இரண்டரை மாதமும் கேட்கவில்லை. நானாக ஒருநாள், இன்றைக்குப் பிரதோஷம் என்றேன். "ஆமாக்கா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

நீ ஊருக்குப் புறப்பட்ட அன்று, வழிக்கு வேண்டும் என்று முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மண்டியிட்டு இரண்டு கையாலும் வாங்கினாய். பெட்டியில் வைக்காமல், அங்கேயே திறந்து ஒன்றை எடுத்து, என் முன்னால் நின்று, முழுவதையும் நிதானமாகத் தின்றாய். "நல்லாருக்குக்கா" என்றாய். அப்படி நின்று தின்றது என்னை மன்னித்தா, எனக்குக் காட்டவா என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோ வந்துவிட்டது. நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தவன், அன்று நடுவில் நின்று பெரிய முரசை அடித்தவன். இன்னும் இங்கேதான் படிக்கிறான். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போகப் பார்த்தான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினான். ஊரில் நீ என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்வாயாம். மைசூரில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறார், பெரிய பக்தி, நாங்கள் விருந்து போட்ட அன்றுகூட விரதத்தை விடவில்லை என்பாயாம்.

அதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. அன்று எனக்கு விரதமே இல்லை என்று அவனிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவன்தான். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அவன் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் ஆன்ட்டி. முரசு வெச்சிருந்த எல்லாருக்கும் அன்னிக்கே தெரியும். உங்க விரதம் வராத நாளாப் பாத்து வெச்சிருக்கேன்னு அவ முன்னாடியே சொல்லியிருந்தா. அவதான், இதப் பத்தி யாரும் பேசக் கூடாதுன்னா" என்றான்.

"அவ இல்ல, நீயாவது என்னை மன்னிக்கணும்" என்று அவனிடம் கேட்டுவிட்டேன். என் பிள்ளை வயதுகூட இருக்காது. அவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "அத நான் குடுக்க முடியாது ஆன்ட்டி. நீங்க கேக்க வேண்டிய ஆள் நான் இல்ல."

எழுந்து, வணக்கம் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னது சரி. ஒரு வாரமாகச் சாமி முன்னால் நின்றால் அந்த வார்த்தைதான் வாயில் வருகிறது. முருகன் அன்றைக்கே மன்னித்திருப்பான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. மண்டியிட்டு என் முன்னால் இருந்தது முருகன் இல்லை, நீ. உன்னிடம் கேட்க எனக்கு நான்கு வருடம் இருந்தது. இனி யாரிடமும் இதைக் கேட்கப் போவதில்லை. மன்னிக்கப்படாமலே இதை வைத்துக்கொள்கிறேன்.