பெண் வீட்டில் இல்லை

ஜூலை 25, வெள்ளி

இன்று இரவு தெய்வா வருகிறாள். ஓட்டப் பயிற்சி முகாமில் ஆடிக் கூழுக்கென்று மூன்று நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். என் மனைவி வேண்டா காலையிலிருந்து மகளுக்காக வீட்டைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன பொங்கலுக்கு வந்தபோது தெய்வாதான் என் ஃபோனில் மைக்கைக் காட்டி, “நீ பேசிகினே இரு நைனா, அது எழுதிக்கும்” என்றாள். அன்றிலிருந்து பேசுகிறேன். அது என்ன எழுதுகிறதோ, யார் கண்டது.

ஜூலை 26

மச்சான் தாமோதரன் வந்தான். தெய்வாவுக்கு அவன் பார்த்திருக்கும் பையன் மறைமலைநகரில் கார் கம்பெனியில் இருக்கிறானாம். “சொல்லாம கொள்ளாம வந்து பாத்துட்டுப் போவட்டும் மச்சான். பொண்ணுக்கே தெரியாது” என்றான்.

தெய்வா கேட்டுக்கொண்டே வந்தாள். “வரச்சொல்லு மாமா. பின்பக்கமா ஓடிடுவேன். அவன் கம்பெனி கார்ல வந்தாலும் புடிக்க முடியாது.”

எல்லோரும் சிரித்தோம். அவன் போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: “நெஜமாத்தான் நைனா. அடுத்த வருஷம் ஆசியப் போட்டி. அது முடியட்டும். அதுவரைக்கும் எவனையும் உள்ள வுடாத.”

சரி என்று அவள் தலையைத் தொட்டுச் சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

எப்படிச் சொல்வது.

வேண்டா விடியும் முன்பே அம்மன் கோயிலுக்குக் கூழ்ப்பானையோடு போய்விட்டாள். தெய்வா மாடி அறையில் தூங்கினாள். அவள் ஃபோன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. ஆறு மணி இருக்கும், வாசலில் கார். பேன்ட் போட்ட ஒரு அம்மாவும், பையோடு ஒரு ஆளும்.

“தெய்வநாயகி இருக்காங்களா?”

“நீங்க யாரு?”

“அவங்ககிட்டதான் சொல்லணும். கொஞ்சம் கூப்புடுங்க.”

தாமோதரன் அனுப்பிய கூட்டம் என்றே நினைத்தேன். அந்த அம்மா மாப்பிள்ளைக்கு அக்கா போலிருந்தாள். “பொண்ணு வூட்ல இல்ல” என்றேன். “ஊருக்கே வர்ல” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

போய்விடுவார்கள் என்று பார்த்தால் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தெய்வாவின் ஃபோன் அடித்தது. யார் பெயர் என்று படிக்கத் தெரியாது. பச்சை எடுப்பதற்கு, சிவப்பு நிறுத்துவதற்கு, அவ்வளவுதான் தெரியும். பிள்ளை எழுந்துவிடப் போகிறதே என்று சிவப்பை அமுக்கினேன். மறுபடி அடித்தது. மொத்தமாக அணைத்தே வைத்துவிட்டேன். அவள் எழுந்திருக்க வைத்திருந்த அலாரமும் அதில்தான் இருந்ததாம்.

ஏழு மணிக்கு அந்த அம்மா திரும்பவும் மணி அடித்துக் கேட்டாள். திரும்பவும் இல்லை என்றேன். ஏதோ குறித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெய்வா எழுந்து வந்து ஃபோனைப் போட்டுப் பார்த்தாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நைனா, யாராவது வந்தாங்களா?”

“வந்தாங்க. நான் வுட்ருவனா?” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரித்தேனே.

அவர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள். ஊருக்காக, நாட்டுக்காக ஓடுகிறவர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டுமாம். அந்த நேரத்தில் சொல்லாமல் வருவார்கள். சொன்ன இடத்தில் ஆள் இல்லையென்றால் ஒரு தப்பு. ஒரு வருடத்துக்குள் மூன்று ஆனால் ஓட விடமாட்டார்கள். ரயில் எங்கோ நின்றுபோய் அவளுக்கு முதலிலேயே ஒன்று விழுந்திருக்கிறது. முகாம் மாறியபோது முகவரி மாற்ற மறந்து இன்னொன்று.

இது மூன்றாவது.

“அம்மாகிட்ட சொல்லி வெச்சேன். உன்கிட்ட சொல்லல” என்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 28

போய்விட்டாள். கூழ் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16

மூன்றாவது தப்பு என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாக தெய்வா ஃபோனில் சொன்னாள். தூக்கம் இல்லை.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் பி.டி. மாஸ்டர் எம்.எய்ட்டி வண்டியில் வந்தார். செங்கல்பட்டில் மாவட்டப் போட்டி, பெண்ணைக் கூட்டிப்போகிறேன் என்றார். வயசுக்கு வந்த பிள்ளையை யாரோடு அனுப்புவது? அன்றைக்கும் அதே வார்த்தைதான் சொன்னேன் – பொண்ணு வூட்ல இல்ல. மாஸ்டர் திரும்பிப் போனார். இவள் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து, களத்துமேடு வழியாக ஓடி, மதகுக்கிட்டே வண்டியைப் பிடித்துவிட்டாள். “கண்ணாடில பாக்கறேன், பச்சைத் தாவணி ஒண்ணு வண்டியை முந்திகினு வருது” என்று மாஸ்டர் பிறகு ஊரெல்லாம் சொன்னார். அந்த ஓட்டம்தான் ரயில்வே வேலை வரைக்கும் வந்தது. தோஹாவில் நாலு பெண்களாகக் கோலைக் கை மாற்றி ஓடி வெண்கலம் வாங்கியது வரைக்கும் வந்தது. அங்கே போர்டில் அவள் பேரைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம், இடம் பத்தவில்லை.

அன்றைக்கு விழித்திருந்தாள், சுவர் ஏறினாள். இந்தத் தடவை தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 31

டீக்கடையில் ஒருவன்: “இன்னா பெரீப்பா, உம் பொண்ணு ஊசி போட்டுகினு மாட்டிகிச்சாமே? பேப்பர்ல கீது.”

“ஊசி இல்லடா. நான் சொன்ன பொய்யி” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நாலு பேருக்குச் சொல்லிப் பார்த்தேன். நாலு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் வாயில் ஊசி என்பதுதான் நின்றது.

டீயை வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20

கோச் அருணகிரி கார் எடுத்துக்கொண்டு வந்தார். விசாரணை வருகிறது, கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்களாம், என்னையும் கேட்பார்கள்.

“அய்யா, ஒரே வழிதான் கீது. ‘இந்த மாதிரி வருவாங்க, உள்ள கூப்புடுன்னு எம்பொண்ணு முன்னாடியே சொன்னா, நான்தான் மறந்துட்டேன்’னு சொல்லிடுங்க. அவ சொல்ல வேண்டியத சொல்லிட்டான்னா, தப்பு அவ மேல வராது. சொல்லலன்னா அவளோட அஜாக்கிரதைன்னு ஆயிடும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

இதைச் சொல்ல எனக்கு என்ன. ஒரு பொய்யில் போனது ஒரு பொய்யில் வந்தால் நல்லதுதானே. தெய்வாவிடம் சொல்லவேண்டாம் என்றார் அருணகிரி.

செப்டம்பர் 24

விசாரணைக்கென்று வந்த தெய்வாவும் நானும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். எதிரே கம்ப்யூட்டரில் மூன்று பேர். அதில் ஒருவர் நம் பாஷைக்காரர், கேள்வியைத் தமிழில் மாற்றிச் சொன்னார்.

“சோதனைக்கு வருவாங்கன்னு உங்க மகள் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தாங்களா?”

“சொன்னாங்க அய்யா. நான்தான் மறந்துட்டேன். வயசாயிடுச்சி.”

சொல்லி முடித்துவிட்டேன். நெஞ்சு லேசானது. அப்போது தெய்வா என் கைமேல் கை வைத்தாள்.

“சார், எங்க நைனா எதையும் மறக்க மாட்டாரு. நான் ஓடின ஒவ்வொரு ஓட்டத்துலயும் எந்த லேன்ல நின்னேன்னு இப்பக்கூட சொல்லுவாரு. நான் அவர்கிட்ட சொல்லல. அதான் நெஜம்.”

அந்த மூன்று பேரும் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்கள்.

முடிந்ததும், “ஏம்மா இப்டி பண்ண?” என்று கேட்டேன்.

“எனக்காக எத்தினி வாட்டி நைனா பொய் சொல்லுவ?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

நவம்பர் 3

பதினெட்டு மாதம் தடை. ஆசியப் போட்டி போயிற்று.

டிசம்பர் 9

வீட்டோடு வந்துவிட்டாள். செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் வேலை, கறுப்புக் கோட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமல்லபுரம் போய் மணலில் ஓடிவிட்டு வருகிறாள்.

தடை இருந்தாலும், பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறவரைக்கும் சோதனைக்காரர்கள் வருவார்களாம். அதனால் விடிவதற்கு முன்பே எழுந்து கேட்டைத் திறந்து, இரண்டு நாற்காலி போட்டு உட்காருகிறேன். “பனில இன்னாய்யா பண்ற?” என்று வேண்டா கத்துகிறாள். கத்தட்டும்.

ஜனவரி 4

யாரும் வரவில்லை.

பிப்ரவரி 1

ஞாயிறு. அவள் மணலுக்குப் போகவில்லை. போன ஞாயிறும் போகவில்லை. சாப்பிடும்போது கேட்டேன்: “அவங்க ஏன் வர்றதே இல்ல?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “எழுதிக் குட்த்துட்டேன் நைனா. இனிமே ஓடலன்னு. டிசம்பர்லயே.”

“என்கிட்ட சொல்லலியே.”

“நீ நாற்காலி போட்டுகினு உக்காந்திருந்த. எப்டி சொல்றது?”

பிப்ரவரி 8, ஞாயிறு

நாற்காலி போடவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை, வாசலில்தான் இருந்தேன். பொழுது ஏறி ஒரு கார் வந்தது. உடம்பு தானாக எழுந்துவிட்டது. இறங்கியது தாமோதரன். பின்னால் ஒரு அம்மா, ஒரு பையன்.

“பொண்ணு கீதா மச்சான்?” என்றான்.

அவள் மாடியில்தான் இருந்தாள். நான் அவனைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது – இல்லை என்று சொல்ல. அவளுக்காக இந்த ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று.

அதற்குள் மேலே இருந்து குரல் வந்தது.

“கீறேன் மாமா. வரச்சொல்லு.”

புடவை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். பின்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது.