திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் கணினி அறையின் பின்வாசலைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஜா. ரெனிதா,
க/பெ. ஜாபஸ்,
மாதா கோயில் பின்தெரு,
திருமுல்லைவாயில், சென்னை – 600 062.

பெறுநர்:
உயர்திரு துணை இயக்குநர் அவர்கள்,
மகளிர் தொழிற்பயிற்சிப் பிரிவு,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: வெள்ளானூர் ‘புதுக்கோடு’ மகளிர் கணினி வரைபடப் பயிற்சி மையம் – பயிற்சி பெற்றவர்கள் கணினியைத் தொட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய இணையவழி மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பொன்னான நேரத்தில் சிறிது எனக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறையில் டிரில்லிங் மெஷினில் வேலை பார்க்கிறேன். காலை முதல் மாலை வரை நின்றபடி செய்யும் வேலை. கால் நரம்புகள் புடைத்துவிட்டன. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பட்டறையில் அப்படிப்பட்ட நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் அமர்ந்து கணினியில் வரைபடம் போடும் திவ்யா, கல்யாணமாகி இந்த மாதக் கடைசியில் ஓசூருக்குப் போகிறார். அந்த நாற்காலியைக் குறிவைத்தே மேற்படி மையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2. மையத்தில் கணினிகள் இல்லை என்று நான் புகார் கூறவில்லை. இருக்கின்றன. ஜன்னல் வழியாக நாங்கள் அனைவரும் பார்த்திருக்கிறோம். மேலே சுற்றிய பாலிதீன் உறைகூட இன்னும் கிழியவில்லை. ஆனால் அறையின் முன்வாசலில் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டப்பட்டுள்ளது. சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து அதை வெட்டித் திறந்துவைக்க வேண்டுமாம். அவர் தேதி இன்றுவரை கிடைக்கவில்லை. முதலில் கட்டிய ரிப்பன் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமானதும், அதை அவிழ்த்துவிட்டுப் புதிய ரிப்பன் கட்டினார்கள். அதுவும் வெளுத்தது, மீண்டும் மாற்றினார்கள். மையத்தில் தவறாமல் நடைபெறும் பராமரிப்புப் பணி இது ஒன்றே என்பதால் இதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

3. இதனால் பயிற்சி தடைபடக் கூடாது என்று பயிற்றுநர் திரு. பார்த்தசாரதி அவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார். கடைகளுக்கு போர்டு எழுதும் ஒருவரை அழைத்து வந்து, வராண்டா சுவரில் கணினித் திரையைப் பெயிண்டில் வரையச் செய்தார். கறுப்புத் திரை, மேலே கோடு, வட்டம், வில், கத்தரிப்பு என எல்லாக் கட்டளைப் படங்களும் அச்சு அசலாக இருக்கும். கோடு போடுவது சாக்பீஸால். மவுஸாகக் கரும்பலகை டஸ்டர். அதைச் சுவரில் நகர்த்தி, வேண்டிய படத்தின் மேல் வைத்து, ‘கிளிக்’ என்று வாயால் சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால் மறுபடி சொல்லச் சொல்வார். போட்ட கோட்டை ரத்து செய்ய ஈரத்துணி. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சுவரருகே போக வேண்டும். சிறிதாக்கிப் பார்க்கத் தண்ணீர் டிரம் வரை பின்னால் நடக்க வேண்டும். ஐப்பசி மழையில் சாரல் அடித்து, நாங்கள் சேமித்து வைத்திருந்த வரைபடங்கள் அனைத்தும் அழிந்துபோயின. “கம்ப்யூட்டர்னா இப்டிதாம்மா, அப்பப்போ கிராஷ் ஆவும்” என்று திரு. பார்த்தசாரதி எங்களுக்கு ஆறுதல் கூறினார். அவர் நல்ல மனிதர். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

4. இறுதித் தேர்வும் அதே சுவரில் நடந்தது. அனைவரும் முதல் வகுப்பு. என் கணவர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, வீட்டில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கொரட்டூரிலிருந்து என் நாத்தனார் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

5. கடந்த வாரம் எங்கள் முதலாளி திரு. முகமது ஆசிக் அவர்கள் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, நடுவில் ஓட்டை உள்ள ஒரு பிளேட்டை வரையச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக என் முன்னால் உயிருள்ள கணினி. நான் மவுஸைக் கையில் தூக்கி, திரையின் மேல் வட்டம் இருந்த இடத்தில் வைத்து, நன்றாகக் கேட்கும்படி ‘கிளிக்’ என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னேன். “இன்னாமா பண்ற, அதுக்கு இன்னா காதா கீது?” என்றார் முதலாளி. பதற்றத்தில் முழுப் படத்தையும் பார்க்கலாம் என்று எழுந்து பின்னால் நடந்தேன். “இப்பதான குந்துன, அதுக்குள்ள எங்க கெளம்பிகினு கீற?” என்று கேட்டார். லேத்தில் நின்றவர்கள்கூட மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவைத்த பிறகுதான் அழுதேன். ஆசிக் அவர்கள் இரக்கப்பட்டு, மாதக் கடைசிச் சனிக்கிழமை இன்னொரு முறை வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார். அதிலும் தவறினால் வெளி ஆளைப் போட்டுவிடுவார். நான் பழையபடி டிரில்லிங் மெஷின் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

6. இம்மனுவின் முக்கியப் பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்த அறைக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. மையப் பொறுப்பாளர் திருமதி கஸ்தூரி அவர்கள் தினமும் அதன் வழியாகத்தான் உள்ளே போய்த் தூசி தட்டுகிறார். கணினிகள் சூடாகிவிடக் கூடாது என்று ஏசி போடுகிறார். ஏசி வீணாகக் கூடாது என்று மதியச் சாப்பாட்டையும் உள்ளேயே முடித்துக்கொள்கிறார். ஆயுத பூஜைக்குக் கணினிகளுக்குச் சந்தனம், குங்குமம், பொரி எல்லாம் பின்வாசல் வழியாகவே சென்றன. நாங்கள் வராண்டாவில் வியர்த்து வடிய நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களையும் அவ்வழியே விடலாமே என்று கேட்டேன். “நீ பூந்துட்டா அறைய தொறந்தா மாரி ஆயிடும்மா. அப்பால வர்ற பெரியவரு எத்த தொறப்பாரு?” என்றார். அவர் உள்ளே போனால் மட்டும் ஏன் திறந்ததாக ஆகவில்லை என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

7. இதைப் பற்றிப் பார்வையில் கண்ட மனுவைக் கைபேசி வழியாக அனுப்பினேன். ‘மேற்படி பின்வாசலின் அமைவிடம் தெளிவாக இல்லை. அறையின் வரைபடத்தைக் கணினியில் வரைந்து இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கவும்’ என்று பதில் வந்து, மனு முடித்துவைக்கப்பட்டது. தங்கள் அலுவலகம் என் கல்வியின் மீது வைத்துள்ள நம்பிக்கைக்கு நன்றி. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

8. எனவே, நான் வேண்டுவது மிகச் சிறியது. ரிப்பனை வெட்ட வேண்டாம். விருந்தினரை அவசரப்படுத்த வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் பின்வாசலைத் திறந்துவிட உத்தரவிட்டால் போதும். செருப்பை வெளியே விட்டு, பின்வாசல் வழியாகப் போய், பின்வாசல் வழியாகவே திரும்பிவிடுகிறோம். வேலை முடிந்ததும் பாலிதீன் உறையை நாங்களே மறுபடி மாட்டிவிடுகிறோம். திறப்பு விழா அன்று, அந்த அறையை முதன்முதலாகப் பார்ப்பது போல எல்லோரும் கைதட்டுவோம். அதற்கு எங்களுக்குப் பயிற்சி தேவைப்படாது.

9. அறையின் வரைபடத்தைப் பென்சிலால் வரைந்து இத்துடன் இணைத்துள்ளேன். முன்வாசல், ரிப்பன், கணினிகள், திருமதி கஸ்தூரி அவர்களின் டிபன் கேரியர், பின்வாசல் அனைத்தும் குறிக்கப்பட்டுள்ளன. இது கணினியில்தான் வரையப்பட வேண்டும் என்று தங்கள் அலுவலகம் மீண்டும் கருதினால், பின்வாசலைத் திறந்துவிடச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்து வரைந்து தருகிறேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு முன்பாக ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
நின்றுகொண்டே இம்மனுவை எழுதிய
ஜா. ரெனிதா
(கணினி வரைபடப் பயிற்சி – முதல் வகுப்பு)

இணைப்பு: பென்சில் வரைபடம் ஒன்று, சட்டத்திலிருந்து கழற்றிய அசல் சான்றிதழ் ஒன்று. கணினியைத் தொட்ட பிறகு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.