எடிட்டரின் வயது

மார்ச் 4, செவ்வாய்

இடது தோளில் ஆரம்பித்தேன். காலை ஒன்பது முதல் ஒன்பதே முக்கால் வரை. உள்ளங்கை அகலத்துக்குத்தான் முடிந்தது. அதற்குள் கட்டைவிரல் மூட்டு பிடித்துக்கொண்டது.

சமையலறை மேசைமேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் என் நாய் எடிட்டர். ஜன்னலைப் பார்த்தபடி நிற்பான். விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தொட்டுக்கொண்டு, நாலைந்து முடியாகப் பிடித்து, வளர்ந்த திசையிலேயே இழுக்க வேண்டும். செத்த முடி கையோடு வந்துவிடும், அவனுக்கு வலிக்காது. இந்தச் சின்ன டெரியர்களுக்குக் கம்பி மாதிரி முடி. மெஷின் போட்டால் நுனி மட்டும் வெட்டுப்படும், செத்தது உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் வருவதெல்லாம் வெளிறிப்போய்ப் பஞ்சு மாதிரி வரும்.

கடைத்தெருவில் நாய்களுக்கு முடி வெட்டுகிறவர் போன வாரமும் கேட்டார். "ஏம்மா இப்படி உயிரை விடறீங்க? மெஷின் போட்டா பத்து நிமிஷம். அவனும் நிம்மதி, நீங்களும் நிம்மதி." பதினொரு வருடமாகக் கேட்கிறார். பதினொரு வருடமாக வேண்டாம் என்கிறேன்.

இந்தத் தடவை அவசரம் இருக்கிறது. ஜனவரியில் குளியலறையில் இரண்டாவது முறை விழுந்தபோது தங்கை மகள் முடிவெடுத்துவிட்டாள். "தனியா இருந்தது போதும் பெரியம்மா. என்கூட வந்துடுங்க." மே 31 அன்று இந்த வீட்டைக் காலி செய்கிறேன். அவள் இருக்கும் அடுக்குமாடியில் நாய் கூடாது. அறிவிப்புப் பலகையை நானே போய்ப் படித்தேன். பதினான்காவது விதி. விலக்கு எதுவும் குறிப்பிடவில்லை.

ஆகவே எடிட்டருக்கு வேறு வீடு வேண்டும்.

மார்ச் 5

கை வீக்கம். இன்று இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

விளம்பரம் எழுதித் தங்கை மகளுக்கு அனுப்பினேன், அவள் போனில் போடுவதற்கு.

"ஆண் டெரியர். வயது பதினொன்று. இடது காது மந்தம். தபால்காரரை இருமுறை கடித்திருக்கிறான். இரண்டாம் முறை தவறு தபால்காரருடையது. செருப்புகளை உயரத்தில் வைக்கவும். நல்லவன்."

உடனே கூப்பிட்டாள். "இது விளம்பரமா, குற்றப்பத்திரிகையா? கோர்ட் ரிப்போர்ட்டர் புத்தி போகுதா பாருங்க."

"இதுல எதுடி பொய்?"

"பொய்யே இல்ல. அதான் பெரியம்மா பிரச்சினை."

அப்படியே போடச் சொன்னேன். நாற்பத்தோரு வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவள். என் செய்திகளுக்குப் பத்திரிகையில் மூன்றே மூன்று திருத்தம் வந்திருக்கிறது. மூன்றின் தேதியும் எனக்கு மனப்பாடம்.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு வாரத்தில் நான்கு அழைப்பு. முதல் மூவரும் வயதைக் கேட்டுவிட்டு "ஓ" என்றார்கள். நாலாவது ஆள், "பாட்டி நாயா?" என்றான். பாட்டியின் நாயா என்று கேட்டானா, நாயே கிழமா என்று கேட்டானா தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

விலங்குகள் காப்பகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "பத்து வயசுக்கு மேல எடுக்கறதில்லைங்கம்மா. யாரும் கேட்டு வர மாட்டாங்க. கூண்டுலயே கெடந்து, அப்புறம் —" அவள் முடிக்கவில்லை. அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் எழுந்து வந்த முதல் பேட்டி.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதுகு, விலா, தொடை எல்லாம் முடிந்தது. தோலை ஒட்டிய மெல்லிய அடிமுடி மட்டும் உடம்பில் மிச்சம். மழையில் நனைந்த எலி மாதிரி இருக்கிறான். கண்ணாடிப் பக்கம் போவதில்லை. நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, யாரோ கட்டுரையைக் கண்டபடி வெட்டிவிட்ட மாதிரி என்னைப் பார்க்கிறான்.

தாடி, புருவம், எதைப் பார்த்தாலும் ஓர் உறுமல் — என் முதல் பத்திரிகை ஆசிரியர் அச்சாக இப்படித்தான். அதனால்தான் குட்டியிலேயே எடிட்டர் என்று ஆகிவிட்டது. அந்த ஆசிரியரும் கடைசியில் போக இடமில்லாமல்தான் — வேண்டாம்.

ஏப்ரல் 12

அழைப்பு இல்லை.

ஏப்ரல் 19, சனி

புது முடி வந்துவிட்டது. முதுகில் கரி மாதிரிக் கறுப்பு, காலில் செம்பட்டை. தடவினால் விறைப்பாகக் கையை எதிர்க்கிறது. ஓடும்போது பின்னாலிருந்து பார்த்தால் பதினொன்று என்று எந்த நீதிபதியும் நம்ப மாட்டார்.

திரும்பினால் முகம் வெள்ளை. வேறொருவன் தலையை எடுத்து ஒட்டியது போல.

மூக்கின் பக்கத்தில் ஒரு வெள்ளை முடியைப் பிடித்து இழுத்தேன். தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தான். ஏன் என்று யோசித்தேன். செத்த முடிக்குத்தான் வலி கிடையாது. வெள்ளை முடி செத்தது இல்லை. வெள்ளை, அவ்வளவுதான்.

எதற்காக இழுத்தேன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று நாளாக இழுத்தேன். மூக்கைச் சுற்றி, உதட்டோரம், புருவம். நாள் முழுக்க, ஒரு தடவைக்கு இருபது முடியாக. அதற்குமேல் அவன் தாங்குவதில்லை. ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை. தபால்காரரைக் கடித்தவன்.

முடித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஏழு சொல்லலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

சொல்லிவிட்டேன். புது விளம்பரத்தை நானே போட்டேன். "வயது ஏழு."

ஒரு மணி நேரத்தில் பத்திரிகையில் பிழை திருத்திய பழைய நண்பர் கூப்பிட்டார். ஓய்வு பெற்றும் அவருக்குக் கண் ஓயவில்லை.

"ரிப்போர்ட்டரம்மா, போன மாசம் பதினொண்ணு, இந்த மாசம் ஏழு. நாய் ரிவர்ஸ்ல போகுதா? அச்சுப்பிழையா?"

"இல்ல."

"தெரிஞ்சே போட்டா அதுக்குப் பேரு பிழை இல்லீங்களே" என்றார். பிறகு மூட்டு வலிக்கு ஏதோ தைலம் சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை.

மே 3, சனி

ஒரு தையல்காரப் பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், தனியாக இருக்கிறாள். வீட்டின் முன்னறையே கடை. எடிட்டர் உறுமவில்லை, அவள் செருப்பை மோந்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டான்.

துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கையை எதிர்த்திசையில் ஓட்டி, முடியை விலக்கி, அடிவரைக்கும். "யாரு பண்ணாங்க இத?"

"நான்தான். கையாலேயே."

"தெரியுது. மெஷின் வேலை இல்ல. ஒரு இடத்துலகூட மேடு பள்ளம் இல்லையே." நாற்பத்தோரு வருடத்தில் என் எழுத்தை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

அப்புறம் சொன்னாள். "ஏழுதானேம்மா? வயசு எதுக்குக் கேக்கறேன்னா, போன வருஷம்தான் ஒண்ணு போச்சு. பதினாலு வயசு. கடையில அது படுத்த எடத்தத் தாண்டித் தாண்டி இன்னும் நடக்கறேன். இன்னொரு தடவை சீக்கிரமா என்னால முடியாது. ஏழுன்னா இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்குல்ல?"

"இருக்கும்" என்றேன்.

தடுப்பூசி அட்டையைக் கேட்டாள். வீடு மாறும் அமளியில் எங்கோ வைத்துவிட்டேன் என்றேன். பிறந்த தேதி போட்ட அந்த அட்டை என் கைப்பையில் இருந்தது. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய். குறுக்கு விசாரணையில் எத்தனை பேரை இதில் மாட்டிப் பார்த்திருக்கிறேன்.

மே 10, சனி

கொடுத்துவிட்டேன். காலை பதினொன்று பத்து. விரிப்பு, முடியைப் பிடித்திழுக்கும் பல் வைத்த சின்னக் கத்தி, சீப்பு, சாக்பீஸ் டப்பா எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். தோளில் எப்படி இழுப்பது என்று காட்டினேன். இரண்டே தடவையில் அவள் கைக்குப் பிடிபட்டுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கடைய மூடிடுவேன். போன் பண்றேன்மா. அவன் கொரலக் கேக்கலாம்" என்றாள்.

தெருமுனையில் எடிட்டர் திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். மந்தமான காது என் பக்கம். நான் கூப்பிட்டது கேட்டிருக்காது.

மே 18, ஞாயிறு

நான்கு மணிக்குக் கூப்பிட்டாள். போனை அவன் மூக்கில் வைத்திருக்கிறாள் போல. மூச்சு மட்டும் கேட்டது. ஒரு செருப்பு போய்விட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மே 31, சனி

வந்துவிட்டேன். எட்டாவது மாடி. தங்கை மகள் குளியலறையில் கைப்பிடி பொருத்தி வைத்திருக்கிறாள். எல்லாம் சுத்தமாக இருக்கிறது. என் கறுப்பு ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த முடிகளை ரோலர் வைத்து எடுத்துவிட்டாள். நல்லதுக்குத்தான் செய்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

நான்கு மணி. மூச்சு. தையல் மெஷினுக்கு அடியில் தூங்குகிறானாம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, நான் ஏதோ தப்பு பண்றேன்னு நெனக்கிறேன். ஒரு மாசமா அவன் மூஞ்சி வெளுத்துக்கிட்டே வருது. சாப்பாட்ட மாத்திப் பாத்தேன். செத்த முடியா இருக்கும்னு நீங்க காட்டின மாதிரி இழுத்தேன், கத்தறான். உங்ககிட்ட அவ்வளவு நல்லா இருந்தான். என்கிட்ட வந்து ஏம்மா இப்படி ஆயிட்டான்? மனசு ஒடிஞ்சு போச்சா?"

நான் என்ன நினைத்திருந்தேன்? முடி வளராது என்றா? இழுத்த இடத்தில் முளைப்பதுதானே இந்த வேலையே.

"உங்க தப்பு இல்ல" என்றேன். "அவனுக்குப் பதினொண்ணு. நான் பிடுங்கினேன், வெள்ளையை எல்லாம். தெரிஞ்சேதான் சொன்னேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம்: அவள் பேச நாற்பது வினாடி ஆனது.

"நான் சொன்னேனேம்மா" என்றாள். "என்னால முடியாதுன்னு உங்ககிட்ட சொன்னேனே."

வைத்துவிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

தடுப்பூசி அட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கூட ஒரு தாள். மன்னிப்புக் கடிதம் நான்கு தடவை எழுதினேன், நான்கும் வழக்கில் கட்சிக்காரர் தன்னைக் காத்துக்கொள்ளத் தரும் வாக்குமூலம் மாதிரி இருந்தது. கிழித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வடிவம், பத்திரிகைத் திருத்தம்: "ஏப்ரல் 24 விளம்பரத்தில் வயது ஏழு என்பதைப் பதினொன்று என்று திருத்தி வாசிக்கவும். தவறு எழுதியவருடையது."

அவனைத் திருப்பி அனுப்பினால் எங்கே வைப்பேன்? பதினான்காவது விதி. அவளுக்கும் இது தெரியும், வந்த அன்றே சொல்லியிருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நான்கு மணி. இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

இல்லை. தங்கை மகள், "யார் கூப்பிடணும் பெரியம்மா? அந்தப் போனையே பாத்துட்டு இருக்கீங்க" என்றாள். யாரும் இல்லை என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

கூரியர் வந்தது. வாசலில் கையெழுத்துப் போடும்போதே அனுப்பியவர் முகவரி தெரிந்தது. உள்ளே உள்ளவை: ரப்பர் விரிப்பு ஒன்று, மடித்தது. பல் வைத்த கத்தி ஒன்று, துடைத்தது. சீப்பு. சாக்பீஸ் டப்பா, பாதி. எல்லாம் லைனிங் துணியில் சுற்றி, நான்கு பக்கமும் ஒழுங்காகத் தைத்திருந்தது. கடிதம் இல்லை. துணியை உதறிப் பார்த்தேன்.

"என்ன பெரியம்மா அது?"

"ஒண்ணுமில்ல. பழைய சாமான்."

இனி அவனுக்கு யாரும் முடி இழுக்கப் போவதில்லை. மெஷின் போடுவார்கள், பஞ்சாகிவிடுவான். முகம் முழுக்க வெளுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போன் வராது.

பொருள்களை மறுபடி ஒருமுறை எண்ணினேன். ஆகஸ்டில் அவனுக்கு அடுத்த ஊசி. தடுப்பூசி அட்டையை அவள் திருப்பி அனுப்பவில்லை.